காக்கை இல்லாத வெட்டை

“இறங்குங்க நானா, வந்தாச்சு” என்று சொல்லி ஈசா பிக்அப்பை நிறுத்தினான். எங்கே வந்தாச்சு என்று புரியாமல் நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

எதிரே ஏழெட்டு போர்ட்டா கேபின்கள். இரும்புக் கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, ஒரு டீசல் டாங்கி, தகரக் கூரை போட்ட சின்னத் தொழுகைக் கூடம், ஒரு பெட்டிக்கடை. அவ்வளவுதான். அதற்கு அப்பால் நான்கு பக்கமும் சரளைக்கல் பரவிய தட்டைத் தரை. பாலைவனம் என்றால் மணல்மேடுகள் இருக்கும் என்று நினைத்து வந்தவன் நான். இங்கே பார்வை போய் நிற்பதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. குளிர்காலத்தில் ஒரு மழை பெய்தால் முளைத்து, அடுத்த மாதமே காய்ந்துபோகிற புல் மட்டும் கொத்துக் கொத்தாக நின்றது. மரம் இல்லை. மரம் இல்லாததால் பறவையும் இல்லை. காற்று மட்டும் ஓயாமல் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

1977ஆம் வருஷம். கீழக்கரையிலிருந்து பம்பாய் வழியாக வந்த எனக்கு, ரோடு போடும் கம்பெனி ஒன்றின் மெஸ்ஸில் பண்டாரி வேலை. பண்டாரி என்றால் சமையல்காரன். கௌஸ் முகைதீன் என்று ஒரு பெயர் எனக்கு இருப்பதை மறந்து எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். ஈசா மட்டும்தான் நானா என்பான். அவன் மன்னார்க்காரன், மூத்தவர்களை அப்படி அழைப்பது அவர்கள் பழக்கம்.

“இந்த ஊருக்கு என்னப்பா பேரு?”

“பேரில்ல நானா. கிழக்கால ஒரு எமிரேட், மேற்கால ஒரு எமிரேட். இந்த இடம் எங்கட இல்லையெண்டு ரெண்டு பேரும் சொல்றாங்க. போலீஸ் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, ஆளைப் புதைக்க இடமும் இல்ல. இஞ்ச யாரும் சாகக்கூடாது” என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

ராமநாதபுரத்துப் பக்கத்து ஆட்கள் அந்த இடத்தை வெட்டை என்றார்கள். வெறும் வெளிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

அன்று மாலை முதல் தேக்சா சோற்றை இறக்கிவைத்தபோது சமையலறை ஜன்னலில் சத்தம் கேட்டது. அலுமினியத் தட்டை விரல் கணுவால் இரண்டு தட்டு.

டங். டங்.

“பாய், சோறு ஆச்சா?”

ராக்கப்பன். முதுகுளத்தூர்ப் பக்கம். நல்ல ஆகிருதி. சாப்பாடு என்றால் உயிர். இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனபிறகும் மூன்றாவது தட்டுக்கு வந்து நிற்பான். கேட்டால் வயிற்றைத் தட்டிக் காட்டுவான். “உள்ள இன்னொரு ஆளு உக்காந்திருக்கான் பாய். அவனுக்கும் சேத்துத்தான் வாங்குறேன்.” சமைக்கிறவனுக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது பாக்கியம். சோறு குழைந்தாலும் தின்பான், குழம்பில் உப்பு கூடினாலும் தின்பான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அவன் தம்பி ரெங்கராஜும், அதே ஊர்க்காரன் சோலைமுத்துவும் அவனுடன் ஒரே ரூம். ரெங்கராஜ் வாய் திறக்காத ஆள். சோலைமுத்து அதற்கு நேர்மாறு. அவன் பெண்சாதி வீரம்மாளுக்கு அந்த வருஷம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. தையில் லீவு. போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு இல்லை. தண்ணீர்த் தொட்டிக் காலைப் பிடித்துக்கொண்டு, “எம் மக இந்நேரம் குப்புற விழுந்திருப்பா பாய்” என்பான்.

எல்லோருக்கும் மேலே சைட் என்ஜினீயர் சிவசங்கரன். மெட்ராஸ்காரர். குடும்பம் பஹ்ரைனில், குதைபியாவில் இருந்தது. நல்லவர் மாதிரிதான் பேசுவார்.

ஆகஸ்ட் மாதம் அவர் கேபின் ஏசி நின்றுபோனது.

அந்த வாரம் ரோடு வேலை இரண்டு இடத்தில் நடந்தது. மற்ற ஆட்கள் கேம்ப் பக்கத்திலேயே வேலை பார்த்துவிட்டு நடந்துவந்து சாப்பிட்டார்கள். ராக்கப்பனை மட்டும் தூரத்து முனையில் ரோலருக்கும் தார் டிரம்களுக்கும் காவலாக விட்டிருந்தார்கள். காலையில் ஈசா கொண்டுபோய் இறக்குவான். மதியம் சோற்று கேரியரும் தண்ணீர்க் கேனும் அதே வண்டியில் போகும்.

ஏசி நின்ற அன்று மதியம் நான் கேரியரைக் கட்டிவைத்துவிட்டு நின்றேன். சிவசங்கரன் ஈசாவைக் கூப்பிட்டு, சிட்டிக்குப் போய்ப் புது ஏசியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

“சார், ராக்கப்பனுக்குச் சோறு...” என்றேன்.

“அப்புறம் போகட்டும் பாய். ஒரு நாள் லேட்டா சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டாங்க.”

ரெங்கராஜ் வந்து அவருடைய லேண்ட்ரோவரைக் கேட்டான். அது ஆபீஸ் வண்டி என்றார். வெயிலில் நடந்தே போகிறேன் என்று அவன் கேனைத் தூக்கினான். டூட்டியை விட்டுப் போனால் பாஸ்போர்ட்டில் எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். சத்தம்கூடப் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அவன் கேனைக் கீழே வைத்துவிட்டான்.

ஏசி வந்து, அதை மாட்டி, குளிர்கிறதா என்று அவர் கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் வண்டி கிடைத்தது. நானும் ரெங்கராஜும் ஈசாவுடன் போனோம். சூரியன் கீழே இறங்கியிருந்தது. ராக்கப்பன் ரோலரின் நிழலில் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டும் எழவில்லை. உதடு வெடித்து, தார் மாதிரி கறுத்திருந்தது.

அவன் மடியில் தட்டு இருந்தது. சோறு வரும் என்று மணல் போட்டுத் துலக்கி, பளபளவென்று வைத்திருந்தான்.

மறுநாள் அவனைத் துணியில் சுற்றி பிக்அப்பில் ஏற்றிக்கொண்டு கிழக்கே இருந்த டவுனுக்குப் போனோம். அங்கே பலதியாவில், அதாவது முனிசிபாலிட்டியில், அந்த இடம் எங்கள் எல்லை இல்லை, மேற்கே போ என்றார்கள். மேற்கே போனோம். கிழக்கே போ என்றார்கள். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷனை யாரும் எந்த எல்லை என்று கேட்கவில்லை. ரோடு இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது சிவசங்கரன் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு, “கலாஸ், முடிஞ்சுபோச்சு, இங்கேயே புதைச்சுடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். எரிக்க வேண்டும், பலகை கொடுங்கள் என்று ரெங்கராஜ் கேட்டான். பலகை கம்பெனிச் சொத்து என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி வெட்டி, மேலே கல்லைக் குவித்தோம். அந்த வெட்டையில் முதல் மேடு அதுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான்தான் சமைத்தேன். எங்கள் மார்க்கத்தில் இந்தப் படையல் வழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் ராக்கப்பனுக்கு என்ன பிடிக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வாழை இலைக்கு எங்கே போவது? அவனுடைய தட்டிலேயே சோறு போட்டு, குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். ரெங்கராஜ் தன் கையால் கல்மேட்டின்மேல் வைத்தான்.

பிறகு எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

“கா... கா... கா...”

வளர்ந்த ஆம்பளைகள் வரிசையாக நின்று, ஒரு பறவையும் இல்லாத வெள்ளை வானத்தைப் பார்த்துக் கத்தினார்கள். குரல் போனது, திரும்பி வரவில்லை. காக்கை உருவில் செத்தவர் வந்து முதல் வாய் எடுத்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊரில் கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் கூரைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். இங்கே ஈ மட்டும் வந்தது.

மற்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ரெங்கராஜ் போகவில்லை.

“காக்கா எடுக்காம எனக்குச் சோறு எறங்காது பாய். எங்கண்ணன் பசியோட போனவரு.”

மறுநாளும் புதுச் சோறு வைத்தோம். வரவில்லை. அவன் பட்டினியாகவே டூட்டிக்குப் போய், மண்வெட்டியோடு மயங்கி விழுந்தான். தெளிந்து எழுந்தும் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. அடுத்தது இவன்தான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து சோலைமுத்து கத்திக்கொண்டு ஓடிவந்தான். “ஏ ரெங்கராசு! வந்துச்சுடா! காக்கா வந்துச்சு! எடுத்துருச்சு!”

எல்லோரும் ஓடினோம். தட்டு காலி. ரெங்கராஜ் கல்மேட்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அழுது முடித்து, என் கையால் ஒரு தட்டுச் சோறு வாங்கித் தின்றான். அவன் தின்பதைப் பார்த்துச் சோலைமுத்துவுக்கும் கண் நிறைந்தது.

தட்டைக் கழுவ எடுத்தபோது எனக்கு ஒரு சந்தேகம். காக்கை தின்றால் நாலு பருக்கையாவது சிதறிக் கிடக்கும். இந்தத் தட்டு வழித்த மாதிரி இருந்தது. தூண்டில் முள்போல வளைந்த ஒரு கருவாட்டு முள், ஒழுங்காக எடுத்து ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை சோற்றை வடித்து நிமிர்த்தினேன். வெளியே தூசி அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பழுப்பாகி, எதிர்க் கேபின்கூட மங்கிப்போனது.

டங். டங்.

“வர்றேன்ப்பா” என்று சொல்லிக்கொண்டே அகப்பையை எடுத்துவிட்டேன். கை பழக்கம். ஜன்னல் பக்கம் திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது.

ஜன்னலில் யாரும் இல்லை. தூசி மட்டும் உள்ளே வந்தது. அதில் தார் வாசனை இருந்தது.

தேக்சா மூடியைத் திறந்தேன். ஆவி பறக்கும் சோற்றின் நடுவில் ஒரு குழி. கையை விட்டு ஒரு பிடி அள்ளின மாதிரி.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொதிக்கிற சோற்றில் எந்த எலி கை வைக்கும் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன்பிறகு தினமும் அந்தக் குழி இருந்தது. ராக்கப்பனின் தட்டைக் கழுவி ஆணியில் மாட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் அதில் புதிதாக மணல் துலக்கின கீறல் இருக்கும்.

சோலைமுத்து சாப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

முதலில் இரண்டு தட்டு. பிறகு மூன்று. பிறகு மெஸ்ஸில் மீந்த எல்லாம். குப்பூஸ் ரொட்டியைக் கட்டாக வைத்துக்கொண்டு தண்ணீரில் முக்கித் தின்றான். முதலில் மற்றவர்கள் கேலி செய்தார்கள். ராக்கப்பன் இடம் காலியாகிவிட்டதா என்றார்கள். ஆனால் தின்னத் தின்ன அவன் இளைத்துக்கொண்டே போனான். கன்னம் ஒட்டியது. பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டான், பிறகு இன்னொன்று. கைலி இடுப்பில் நிற்கவில்லை. கேலி நின்றுபோனது. அவன் சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

சிவசங்கரனிடம் போய், டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பூச்சி மாத்திரை கொடுத்தார். “ஒரு ஆளு நாலு ஆள் சாப்பாட்டைத் தின்னா கம்பெனி எப்படித் தாங்கும்? நீங்க அளந்து போடுங்க பாய்” என்றார். அந்த அறை நல்ல குளிர்ச்சியாக இருந்தது. நான் அங்கே நின்று மனசுக்குள் சொன்னேன்: ராக்கப்பா, உனக்குக் கண் இல்லையா? கணக்குத் தீர்க்க வேண்டிய இடம் இதுதானே? ஏசி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

அன்று மதியம் மெஸ்ஸில் நானும் ரெங்கராஜும் சோலைமுத்துவும் மட்டும். அவன் சோற்றை வாயில் வைத்து வைத்து எடுத்தான்.

“பாய்” என்றான் மெதுவாக. “நான் வாயில வைக்கிறேன். உள்ள எறங்கறதுக்குள்ள எவனோ வாங்கிக்கிறான்.”

“என்னடா சொல்ற?”

“அன்னைக்குக் காக்கா வரல பாய்.” அவன் ரெங்கராஜைப் பார்க்காமலேயே பேசினான். “இவன் கண்ணு முன்னாடி செத்துருவான் போல இருந்துச்சு. அதான் நானே எடுத்துத் தின்னுட்டேன். தப்புன்னு தெரியும். இவன் பொழைக்கட்டும்னுதான் தின்னேன்.”

ரெங்கராஜ் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சோலைமுத்துவின் காலைப் பிடித்துக்கொண்டான். “எனக்காகவா? எனக்காகவாடா தின்ன?”

என்னால் தாங்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டி, “வாயைத் திற, நான் ஊட்டுறேன்” என்று அவன் வாய்ப் பக்கம் கொண்டுபோனேன். எவன் வாங்குகிறான் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

சோலைமுத்து இன்னும் வாயைத் திறக்கவில்லை.

என் விரலில் உதடு பட்டது.

வெடித்த உதடு. வெயிலில் கிடந்த இரும்பு மாதிரி சுட்டது. அது என் விரலிலிருந்து சோற்றை மெல்ல வாங்கிக்கொண்டது. அவசரப்படவில்லை. குழந்தை வாங்குகிற மாதிரி வாங்கியது.

என் கை காலியாக அந்தரத்தில் நின்றது. சோலைமுத்து என்னைப் பார்த்தான்.

“தெரிஞ்சுதா பாய்?”

நான் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். விரலில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. பயத்தைவிட அழுகைதான் வந்தது. இத்தனைக்குப் பிறகும் அவனுக்குப் பசி தீரவில்லையே என்று வந்த அழுகை.

“நெசக் காக்கா வந்து எடுக்கணும்” என்றான் ரெங்கராஜ். “முறைப்படி எடுத்துட்டா அண்ணன் போயிருவாரு. இவன் தையில ஊருக்குப் போயிருவான்.”

காக்கைக்கு எங்கே போவது? ஈசாதான் சொன்னான். “துறைமுகத்தில காகம் நிக்குது நானா. நம்ம ஊர்ப் பக்கமிருந்து கப்பல்ல தொத்திக்கொண்டு வந்ததுகள். மீன் சந்தையில நான் கண்டிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஈசாவும் ரெங்கராஜும் கிளம்பினார்கள். சோலைமுத்து எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து அவனைப் படுக்கவைத்தேன். அவன் குழந்தையைப் பற்றியே பேசினான். என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ராக்கம்மா என்றான். பெரியம்மா பேராம். தான் போய்த் தாமரை என்று மாற்றப்போவதாகச் சொன்னான். “நல்லாருக்குல்ல பாய்?” நல்லா இருக்கிறது என்றேன். பேச்சுக்கு நடுநடுவே அவன் உதட்டோரம் சோற்றுப் பருக்கை மாதிரி எதுவோ ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். மணல்.

மதியத் தொழுகை முடிந்து நான் வெளியே வந்தபோது வண்டி வந்துவிட்டது. கோழிக்கூண்டில் ஒரு காக்கை. ரெங்கராஜின் முன்கை முழுக்கக் கொத்துப்பட்டு ரத்தமாக இருந்தது. அவன் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். கேபின்களில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். ஊர்க் காக்கையைப் பார்த்து ஒருத்தன் கும்பிட்டான். சிவசங்கரன்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, சூடு உள்ளே வருகிறது என்று சாத்திக்கொண்டார்.

அதே கருவாட்டுக் குழம்பு. அதே தட்டு. ரெங்கராஜ் கல்மேட்டில் சோற்றை வைத்து விழுந்து கும்பிட்டான்.

“அண்ணே, முறையா வச்சிருக்கேன். வயிறார எடுத்துக்க. இவனை விட்டுரு. இவன் ஆசைப்பட்டு உன் பங்கை எடுக்கலைண்ணே, எனக்காக எடுத்தான். பிள்ளை மூஞ்சியை இன்னும் பாக்கல அவன்.”

நான் சோலைமுத்துவைத் தூக்கி உட்காரவைத்து, அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு மடியில் வைத்திருந்தேன். காக்கை எடுத்த நிமிஷமே அவன் ஒரு வாய் தின்ன வேண்டும், அது வயிற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஈசா கூண்டைத் திறந்தான்.

காற்று நின்றுபோயிருந்தது. தகரம்கூட ஆடவில்லை. காக்கை வெளியே வந்து தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. தத்தித் தத்திக் கல்மேட்டில் ஏறியது. தட்டின் விளிம்பில் நின்றது. சோற்றைப் பார்த்தது.

“எடு” என்று ரெங்கராஜ் முணுமுணுத்தான். “எடு சாமி.”

அது எடுக்கவில்லை.

திரும்பி இறங்கியது. கும்பலில் யாரையும் பார்க்காமல் நிழலுக்குள் வந்தது.

சோலைமுத்துவின் பாயில் ஏறியது. அவன் முழங்காலில் உட்கார்ந்தது.

அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தது.

செத்தவர் பங்கைத்தான் காக்கை எடுக்கும். அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் சின்ன வயசிலிருந்து தெரிந்த விஷயம் அது. காக்கை இன்னொரு வாயும் எடுத்துக்கொண்டு எழும்பிப் பறந்தது. கடல் இருக்கும் பக்கம் போகவில்லை. ஒன்றுமே இல்லாத வெளியைப் பார்த்துப் போய்ப் புள்ளியாகி மறைந்தது.

ரெங்கராஜ் தலையைத் தரையில் மோதிக்கொண்டான். சோலைமுத்து பதறவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டான்.

“பாய், இப்பத்தான் வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு” என்றான்.

சாயங்கால அசர் தொழுகைக்கு நான் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. சிவசங்கரன் ஒரே வார்த்தை சொன்னார், நாங்கள் முதல் மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மேடு குவித்தோம். வீரம்மாளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தவழ ஆரம்பித்திருக்கும். தாமரை என்ற பேரை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரெங்கராஜ் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டான். ரோடு முடிந்தது. கம்பெனி கேபின்களை லாரியில் ஏற்றியது, தொட்டியைக் கழற்றியது. இரண்டு எமிரேட்டும் சேர்ந்து ரிப்பன் வெட்டி ரோட்டைத் திறந்தார்களாம். மேடு இரண்டும் ரோட்டுக்குக் கீழே போனதா, ஓரத்தில் நிற்கிறதா என்று ஈசாவுக்கும் தெரியவில்லை. சிவசங்கரனுக்குப் பிரமோஷன். குதைபியாவில் குடும்பத்தோடு இருக்கிறார். நல்லா உடம்பு போட்டிருக்கிறார், பிள்ளைகள் இங்கிலீஷில் பேசுகிறார்கள் என்று ஈசா வந்து சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. ராக்கப்பன் ஏன் அந்தக் குளிர் ரூமுக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பசித்தவன் சோறு இருக்கும் இடத்துக்குத்தான் வருவான். அவரிடம் என்ன இருந்தது, ராக்கப்பன் போய்க் கேட்பதற்கு?

நான் இப்போது குவைத்தில், மங்காஃபில் இருக்கிறேன். ஈசாவும் இங்கேதான் வண்டி ஓட்டுகிறான். நாலாம் மாடியில் ஒரு பேச்சிலர் மெஸ். கீழே சிமெண்ட் ரோடு, எதிரே கட்டிடம். ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்க ஒரு சாண் இடம்கூடக் கிடையாது.

சாயங்காலம் சோற்றை இறக்கிவைத்தால் அந்த ஜன்னலில் சத்தம் கேட்கும். டங், டங். கொஞ்சம் பொறுத்து, வேறொரு தட்டு. டங், டங்.

“வர்றேன்ப்பா” என்பேன். இப்போதெல்லாம் பயமில்லை. மூடியைத் திறந்தால் சோற்றில் இரண்டு குழி இருக்கும். இரண்டு தட்டில் போட்டு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மற்ற வேலையைப் பார்ப்பேன்.

இன்று காலை தட்டுகளை எடுக்கப் போனேன். இரண்டும் காலி. பளபளவென்று மணல் போட்டுத் துலக்கி, அடுத்த வேளைக்குத் தயாராக நிமிர்த்தி வைத்திருந்தது.

பக்கத்தில், நான் வைக்காத மூன்றாவது தட்டு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் தூண்டில் முள்போல வளைந்த ஒரு கருவாட்டு முள்.

ரெங்கராஜ் ஊரில் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்க ஈசாவைத் தேடிக்கொண்டு இறங்கினேன். படியெல்லாம் சரளைக்கல்.